வீட்டு வலையமைப்புத் தீச்சுவருக்கான சிறு கணினி

வீட்டு வலையமைப்புத் தீச்சுவருக்கான சிறு கணினி என்பது, ஒரு வீட்டின் உள் வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று, இரு பக்கமும் செல்லும் தரவுப் பொதிகளைச் சோதித்து அனுப்பும் பணிக்கென ஒதுக்கப்பட்ட சிறிய அளவிலான கணினி ஆகும். மினி பிசி என்ற பெயரில் விற்கப்படும் இவ்வகைக் கணினி பெரும்பாலும் ஒரு தடித்த புத்தகத்தின் அளவே இருக்கும். ஆங்கிலத்தில் ஃபயர்வால் என வழங்கும் தீச்சுவர் மென்பொருள் இதில் நிறுவப்படுகிறது. அமைத்து முடித்த பின்னர், திரையோ விசைப்பலகையோ இன்றி ஆண்டு முழுவதும் இது இயங்கும்.

இணையச் சேவை நிறுவனங்கள் வழங்கும் திசைவிகளிலும் ஓர் எளிய தீச்சுவர் உண்டு. பல வீடுகளுக்கு அதுவே போதுமானது. ஆனால் ஒளியிழை இணைப்பின் வேகம் நொடிக்கு 1 கிகாபிட் அல்லது அதற்கு மேல் உயரும்போதும், விதிகளையும் இற்றைப்படுத்தல்களையும் பயனரே கட்டுப்படுத்த விரும்பும்போதும் தனிக் கணினி தேவைப்படுகிறது. பொருந்தாத கணினியைத் தேர்ந்தெடுத்தால், கட்டணம் செலுத்திப் பெற்ற வேகத்தில் பாதி வீணாகலாம். வேகத்தை மட்டும் கருதி இற்றைப்படுத்தல் கிடைக்காத கருவியை வாங்கினால், வீட்டின் எல்லாக் கருவிகளும் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

தேவை

வீட்டுத் திசைவி பொதுவாக யாரும் கவனிக்காத மூலையில் பல ஆண்டுகள் கிடக்கும் கருவியாகும். அதன் உற்பத்தியாளர் மென்பொருள் இற்றைப்படுத்தலை நிறுத்திய பின்னரும் அது தொடர்ந்து இயங்கும். 2018 மே மாதத்தில் வெளிப்படுத்தப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் சுமார் 5 இலட்சம் திசைவிகளையும் சேமிப்புக் கருவிகளையும் தாக்கியிருந்தது. 2016 இல் பரவிய மிராய் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளைப் பெருமளவில் கைப்பற்றியது. இவ்விரண்டும் வீட்டு வலையமைப்பின் வாயிலில் இருக்கும் கருவிக்குத் தொடர்ந்த பராமரிப்பு வேண்டும் என்பதை உணர்த்தின.

ஐபி பதிப்பு 6 இன் பரவலும் தீச்சுவரின் தேவையைக் கூட்டியுள்ளது. பதிப்பு 4 இல் வீட்டுக் கருவிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியின் பின்னால் மறைந்திருக்கும். பதிப்பு 6 இல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைப்பதால், வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் தீச்சுவர் விதிகளையே சாரும்.

வரலாறு

பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர உதவும் வலையமைப்பு முகவரிப் பெயர்ப்பு, 1994 மே மாதத்தில் ஆர்எஃப்சி 1631 என்னும் ஆவணத்தில் விவரிக்கப்பட்டது. லினக்ஸ் கருனியின் 2.4 ஆம் பதிப்புடன் 2001 இல் ஐபிடேபிள்ஸ் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 3.0 இல், டேனியல் ஆர்ட்மையர் எழுதிய பிஎஃப் என்னும் பொதி வடிகட்டி இடம்பெற்றது. இது பின்னர் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கும் கொண்டுவரப்பட்டது.

மானுவல் காசுப்பர் 2003 இல் தொடங்கிய மோனோவால் திட்டம், சிறு கணினிப் பலகைகளில் இயங்கும் முழுமையான தீச்சுவரை இணைய உலாவி வழியாகவே அமைக்க வழிசெய்தது. அதிலிருந்து 2004 இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. பிஎஃப்சென்சிலிருந்து 2015 சனவரியில் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. மோனோவால் திட்டம் 2015 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. லினக்ஸ் பக்கத்தில், லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி திசைவியின் மூலநிரல் வெளியானதைத் தொடர்ந்து 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் உருவானது. இம்மென்பொருட்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைத்ததால், தக்க வன்பொருள் இருந்தால் வீட்டிலேயே தரமான தீச்சுவரை அமைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

செயல்படும் விதம்

தீச்சுவர்க் கணினிக்குக் குறைந்தது இரண்டு வலையமைப்பு இடைமுகங்கள் வேண்டும். ஒன்று இணையத்தை நோக்கியது. மற்றொன்று வீட்டு வலையமைப்பை நோக்கியது. ஒரு பொதி வந்தவுடன் வலையமைப்பு அட்டை அதனை நினைவகத்தில் இட்டு நுண்செயலிக்கு அறிவிக்கும். மென்பொருள் முதலில் நிலை அட்டவணையைப் பார்க்கும். அப்பொதி ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட உரையாடல் ஒன்றைச் சேர்ந்ததாயின் உடனே அனுப்பப்படும். புதியதாயின் விதிகள் ஒவ்வொன்றாக ஒப்பிடப்பட்டு, அனுமதிப்பதா மறுப்பதா என்பது முடிவாகும். பின்னர் முகவரி மாற்றப்பட்டு, மறு இடைமுகம் வழியாகப் பொதி வெளியேறும்.

விலை குறைந்த வீட்டுத் திசைவிகள் இப்பணியின் பெரும்பகுதியை அதற்கெனச் செய்யப்பட்ட மின்சுற்றுகளிடம் ஒப்படைக்கின்றன. அதனால் அவற்றின் நுண்செயலி மெதுவானதாக இருந்தாலும் கிகாபிட் வேகம் கிடைக்கிறது. ஆனால் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் போன்ற வசதிகளை இயக்கினால் பல திசைவிகளில் அம்மின்சுற்று பயன்படாமல் போய், வேகம் திடீரெனக் குறையும். சிறு கணினியில் அத்தகைய தனி மின்சுற்று இல்லை. ஒவ்வொரு பொதியும் நுண்செயலியைக் கடந்தே செல்லவேண்டும். ஆகவே எதைச் செய்யவேண்டும் என்பதில் பயனருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. அச்சுதந்திரத்துக்கு நுண்செயலியின் வலிமை விலையாகிறது.

வேகத்தைக் கணக்கிடல்

தீச்சுவரின் சுமையை அளக்க, நொடிக்கு எத்தனை பிட்டுகள் என்பதைவிட நொடிக்கு எத்தனை பொதிகள் என்பதே சரியான அளவாகும். ஒரு பொதி பெரிதாயினும் சிறிதாயினும் அதன் தலைப்பைச் சோதிக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே.

ஈதர்நெட்டில் 1500 பைட்டுத் தரவைச் சுமக்கும் சட்டகம், முன்குறியும் இடைவெளியும் சேர்த்துக் கம்பியில் 1538 பைட்டு இடத்தைப் பிடிக்கும். எனவே நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் சுமார் 81,000 பெரிய பொதிகள் செல்லலாம். மிகச் சிறிய சட்டகமான 64 பைட்டு, கம்பியில் 84 பைட்டு, அதாவது 672 பிட்டு இடத்தைப் பிடிக்கும். அந்நிலையில் நொடிக்குச் சுமார் 14.88 இலட்சம் பொதிகள் வரலாம். 1 கிகாஏர்ட்சு வேக நுண்செயலி ஒன்றின் ஒரு கருவுக்கு, பெரிய பொதி ஒவ்வொன்றுக்கும் சுமார் 12,300 துடிப்புகள் கிடைக்கும். மிகச் சிறிய பொதிக்கு 672 துடிப்புகளே கிடைக்கும். கோப்புப் பதிவிறக்கமும் நிகழ்படமும் பெரிய பொதிகளையே பயன்படுத்துகின்றன. இணைய விளையாட்டு, குரல் அழைப்பு முதலியவை சிறிய பொதிகளைப் பயன்படுத்துகின்றன. விளம்பரங்களில் தரப்படும் வேகம் பெரும்பாலும் பெரிய பொதிகளுக்கானது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கிகாபிட் இணைப்பில் வேகச் சோதனை செய்யும்போது 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 940 மெகாபிட்டே காட்டப்படுவது குறையன்று. 1538 பைட்டில் தலைப்புகள் நீங்கலாகப் பயனுள்ள தரவு 1448 பைட்டு அளவே என்பதால் ஏற்படும் இயல்பான இழப்பு அது. சோதனையில் 940 வந்தால், அக்கணினி கிகாபிட் வேகத்தை முழுமையாகக் கடத்துகிறது எனக் கொள்ளலாம்.

நுண்செயலி

வீட்டுத் தீச்சுவருக்குக் கருக்களின் எண்ணிக்கையைவிட ஒரு கருவின் வேகமே பல நேரங்களில் முதன்மையானது. நவீன வலையமைப்பு அட்டைகள் வரும் பொதிகளை முகவரி அடிப்படையில் பல வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு கருவுக்கு அளிக்கின்றன. ஆனால் ஒரே பதிவிறக்கத்தின் பொதிகள் யாவும் ஒரே வரிசையில் சேர்வதால், ஒரு கருவே அதனைச் சுமக்கவேண்டும்.

பிபிபிஓஈ என்னும் நெறிமுறை வழியாக இணைப்பு வழங்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இது மேலும் முக்கியம். இந்நெறிமுறை ஒவ்வொரு பொதியின் முன்னும் 8 பைட்டுத் தலைப்பைச் சேர்க்கிறது. அதனால் தரவின் உச்ச அளவு 1500 இலிருந்து 1492 பைட்டாகக் குறைகிறது. அத்தலைப்பைத் தாண்டி உள்ளிருக்கும் முகவரியைப் பல அட்டைகளால் பார்க்க இயலாது. விளைவாக, வீட்டின் முழு வரவும் ஒரே வரிசையில், ஒரே கருவில் குவியும். ஃபிரீபிஎஸ்டி அடிப்படையிலான தீச்சுவர்களில் இச்சிக்கல் நன்கு அறியப்பட்டது. சில அமைப்பு மாற்றங்களால் சுமையை ஓரளவு பகிர முடியும். எனினும் வாங்கும் முன்னரே தம் இணைப்பு எந்நெறிமுறையில் வருகிறது என அறிந்துகொள்வது நன்று.

மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்துவோர் மறையாக்க வேகத்தையும் கவனிக்கவேண்டும். ஏஇஎஸ் மறையாக்கத்துக்கான தனிக் கட்டளைகள் 2010 முதல் இன்டெல் நுண்செயலிகளில் இடம்பெற்றன. ஆனால் 2013 இல் வெளியான செலரான் ஜே1900 போன்ற சில மலிவான நுண்செயலிகளில் அவை இல்லை. லினக்ஸ் கருனியின் 5.6 ஆம் பதிப்பில் 2020 மார்ச்சில் இணைந்த வயர்கார்டு, சாச்சா20 என்னும் மறையாக்க முறையைப் பயன்படுத்துவதால் இக்கட்டளைகளைச் சார்ந்திருப்பதில்லை. ஓப்பன்விபிஎன் நெடுங்காலம் கருனிக்கு வெளியே இயங்கியதால் மெதுவாக இருந்தது. 2023 சனவரியில் வந்த 2.6 ஆம் பதிப்பு முதல் தரவுப் பகுதியைக் கருனியிடமே ஒப்படைக்க இயலும்.

சூரிகாட்டா, சுநார்ட் போன்ற ஊடுருவல் கண்டறி மென்பொருட்களை இயக்கினால் தேவைப்படும் வலிமை பன்மடங்காகும். வெறும் வடிகட்டலில் கிகாபிட்டை எளிதாகத் தொடும் கணினி, இவற்றை இயக்கியதும் தடுமாறலாம். இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், இவற்றால் பொதியின் உள்ளடக்கத்தைப் பார்க்க இயலாது; முகவரி, இணைப்பின் தொடக்க விவரங்கள் ஆகியவற்றையே ஆராய முடியும். ஆகவே இவற்றுக்காகவே விலையுயர்ந்த நுண்செயலியை வாங்குவது பல வீடுகளுக்குப் பயன் தருவதில்லை.

வலையமைப்பு இடைமுகம்

நுண்செயலிக்கு நிகராக முக்கியமானது வலையமைப்புச் சில்லு ஆகும். கிகாபிட் வேகத்துக்கு இன்டெலின் ஐ210, ஐ211, ஐ350 ஆகியவை நெடுநாள் சோதிக்கப்பட்டவை. நொடிக்கு 2.5 கிகாபிட் வேகத்துக்கான தரம் 2016 இல் வரையறுக்கப்பட்டது. அவ்வேகத்துக்கு இன்டெல் வெளியிட்ட ஐ225-வி சில்லின் தொடக்கப் பதிப்பில், பொதிகளுக்கு இடையிலான இடைவெளி தரத்துக்கு ஏற்ப அமையாத குறை இருந்தது. சில ஆளிகளுடன் இணைக்கும்போது பொதிகள் இழக்கப்பட்டு வேகம் வீழ்ந்தது. பின்வந்த திருத்தப் பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது. அடுத்து வந்த ஐ226-வி சில்லே 2.5 கிகாபிட் சிறு கணினிகளில் பரவலாக இடம்பெறுகிறது. பழைய சரக்கை வாங்குவோர் சில்லின் பதிப்பைக் கேட்டறிய வேண்டும்.

ரியல்டெக் சில்லுகள் லினக்சில் பொதுவாக நன்கு இயங்குகின்றன. ஃபிரீபிஎஸ்டி அடிப்படையிலான தீச்சுவர்களில் அவற்றின் 2.5 கிகாபிட் சில்லுகளுக்கான இயக்கியைத் தனியே நிறுவ வேண்டிய நிலை இருந்துவந்துள்ளது. யூஎஸ்பி வழி இணையும் வலையமைப்பு இணைப்பிகள், ஓய்வின்றி இயங்கவேண்டிய தீச்சுவருக்கு ஏற்றவை அல்ல.

ஒரே ஒரு துறை உள்ள கணினியையும் பயன்படுத்த வழி உண்டு. மெய்நிகர் உள்ளக வலையமைப்புகளை ஏற்கும் ஆளி ஒன்றின் துணையுடன், உள்போக்குவரத்தையும் வெளிப்போக்குவரத்தையும் ஒரே கம்பியில் பிரித்து அனுப்பலாம். பதிவிறக்கம் செய்யப்படும் ஒவ்வொரு பொதியும் அத்துறையின் வழியே ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை வெளியேயும் செல்லும். எனவே பதிவிறக்கமும் பதிவேற்றமும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் நடைபெற இயலாது.

நான்கு அல்லது ஆறு துறைகளுடன் வரும் கணினிகளை ஆளியாகப் பயன்படுத்துவது சரியன்று. துறைகளைப் பாலமாக இணைத்தால், வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பொதிகளும் நுண்செயலியைக் கடக்கவேண்டும். தனி ஆளி இதனைக் குறைந்த செலவில் செய்யும். மிகுதியான துறைகளை விருந்தினர், கண்காணிப்பு ஒளிப்படக்கருவிகள் போன்ற தனி வலையமைப்புகளுக்கு ஒதுக்கலாம்.

நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தை நாடுவோர் உட்பாட்டையின் அகலத்தையும் பார்க்கவேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் ஒரு தடம் ஏறத்தாழ 8 கிகாபிட்டையே கடத்தும். சிறு கணினிகளில் அடிக்கடி பயன்படும் இன்டெல் 82599 சில்லு இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. அது மூன்றாம் தலைமுறைத் தடத்தில் இணைந்தாலும் இரண்டாம் தலைமுறை வேகத்திலேயே இயங்கி, ஒரு தடத்துக்கு ஏறத்தாழ 4 கிகாபிட்டை மட்டுமே கடத்தும். இரண்டு 10 கிகாபிட் துறைகள் உள்ளன என்ற விளம்பரத்தை இக்கணக்குடன் ஒப்பிட்டே நம்பவேண்டும்.

நினைவகமும் சேமிப்பும்

பிஎஃப் வடிகட்டியின் நிலை அட்டவணையில் ஒரு பதிவுக்கு ஏறத்தாழ 1 கிலோபைட்டு நினைவகம் தேவை. ஓர் இலட்சம் பதிவுகளுக்குக் கூடச் சுமார் 100 மெகாபைட்டே ஆகும். ஆகவே எளிய தீச்சுவருக்கு 4 கிகாபைட்டும், ஊடுருவல் கண்டறிதல், விளம்பரத் தடுப்புப் பட்டியல்கள் முதலியவற்றைச் சேர்ப்போருக்கு 8 கிகாபைட்டும் போதும். அதற்கு மேற்பட்ட நினைவகம், ஒரே கணினியில் மெய்நிகராக்கம் மூலம் வேறு பணிகளையும் இயக்குவோருக்கே பயன்படும்.

சேமிப்புக்குச் சிறிய திண்மநிலை வட்டு போதுமானது. அளவைவிட நீடித்து உழைக்கும் தன்மையே முக்கியம். பதிவேடுகளை இடைவிடாது எழுதும் தீச்சுவரில் நினைவக அட்டைகளும் பலகையில் பற்றவைக்கப்பட்ட மலிவான சேமிப்புச் சில்லுகளும் விரைவில் தேய்ந்துவிடும்.

மின்சாரமும் வெப்பமும்

தீச்சுவர் ஆண்டின் 8,760 மணி நேரமும் இயங்குவது. 10 வாட் மின்சாரம் கொள்ளும் கணினிக்கு ஆண்டுக்கு 87.6 அலகு தேவை. 50 வாட் கொள்ளும் பழைய மேசைக் கணினிக்கு 438 அலகு தேவை. பழைய கணினி இலவசமாகக் கிடைத்தாலும், ஆண்டுதோறும் கூடுதலாக ஏற்படும் 350 அலகுச் செலவு சில ஆண்டுகளில் புதிய சிறு கணினியின் விலையை நெருங்கக்கூடும்.

நுண்செயலியின் பெயருடன் தரப்படும் வெப்ப வடிவமைப்பு அளவு, சுவரிலிருந்து பெறப்படும் மின்சாரத்தின் அளவன்று. 6 வாட் எனக் குறிக்கப்பட்ட நுண்செயலியுள்ள கணினி, வட்டு, நினைவகம், வலையமைப்புச் சில்லுகள் ஆகியவற்றையும் சேர்த்து அதைவிடக் கூடுதலாகவே எடுக்கும்.

விசிறி இல்லாத கணினிகள் ஓசையின்றி இயங்கும், தூசியையும் உள்ளிழுக்கா. அவற்றில் அலுமினிய உறையே வெப்பத்தை வெளியேற்றுகிறது. எனவே மூடிய அலமாரியிலோ வேறு கருவிகளின் மேல் அடுக்கியோ வைத்தால் நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பமான ஊர்களில் கோடைகாலத்தில் மட்டும் இணையம் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டு: ஏபியு2 முதல் என்100 வரை

வன்பொருள் தேர்வில் ஏற்பட்ட மாற்றத்தை விளக்க, சுவிட்சர்லாந்தின் பிசி என்ஜின்ஸ் நிறுவனத்தின் ஏபியு2 பலகை நல்ல எடுத்துக்காட்டாகும். ஏஎம்டி ஜிஎக்ஸ்-412டிசி என்னும் நாற்கரு நுண்செயலி, 2 அல்லது 4 கிகாபைட்டு நினைவகம், இன்டெல் கிகாபிட் துறைகள் ஆகியவற்றைக் கொண்ட இது, விசிறியின்றி 6 முதல் 12 வாட்டில் இயங்கியது. கோர்பூட் என்னும் திறந்த மூல அடித்தள மென்பொருளைப் பயன்படுத்தியது இதன் தனிச்சிறப்பு. நொடிக்கு 100 முதல் 300 மெகாபிட் வரையிலான இணைப்புகள் பரவலாக இருந்த காலத்தில் இப்பலகை வீட்டுத் தீச்சுவராகப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

ஆனால் அதன் நுண்செயலியின் அடிப்படை வேகம் 1 கிகாஏர்ட்சு மட்டுமே, ஊக்கநிலையில் 1.4 கிகாஏர்ட்சு. கிகாபிட் இணைப்புகள் வந்தபோது, ஃபிரீபிஎஸ்டி அடிப்படையிலான தீச்சுவர்களில் ஒரே பதிவிறக்கத்தால் முழு வேகத்தை எட்ட இயலவில்லை. பிபிபிஓஈ இணைப்புகளில் வேகம் மேலும் குறைந்தது. அதே பலகை லினக்சில் கூடுதல் வேகம் காட்டியது. வன்பொருளையும் மென்பொருளையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. ஏபியு வரிசையின் முடிவை அந்நிறுவனம் 2023 இல் அறிவித்தது.

அதே 2023 இல் இன்டெல் வெளியிட்ட என்100 நுண்செயலி இவ்விடத்தைப் பெருமளவில் நிரப்பியது. நான்கு கருக்களும், 3.4 கிகாஏர்ட்சு உச்ச வேகமும், 6 வாட் வெப்ப வடிவமைப்பு அளவும் கொண்ட இது, ஏஇஎஸ் கட்டளைகளையும் உடையது. இதனுடன் நான்கு ஐ226-வி துறைகளைச் சேர்த்த விசிறியில்லாக் கணினிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. கிகாபிட் வேகத்தில் வடிகட்டல், முகவரிப் பெயர்ப்பு, வயர்கார்டு ஆகியவற்றுக்கு இது போதுமானது. ஊடுருவல் கண்டறிதலையும் மெய்நிகராக்கத்தையும் சேர்ப்போர் எட்டுக் கருக்கள் கொண்ட ஐ3-என்305 போன்றவற்றை நாடுகின்றனர்.

பயன்படுத்தப்பட்ட அலுவலகக் கணினிகள்

அலுவலகங்கள் மாற்றும் சிறு கணினிகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வலையமைப்புத் துறைதான் உண்டு. லெனோவோவின் திங்க்சென்டர் எம்720கியூ, எம்920கியூ ஆகியவற்றில், தனி இணைப்புப் பலகை ஒன்றின் உதவியுடன் விரிவாக்க அட்டையைப் பொருத்த இயலும். அவற்றில் நான்கு துறை ஐ350 அட்டையையோ 10 கிகாபிட் அட்டையையோ இட்டுத் தீச்சுவராக மாற்றுவது ஆர்வலர்களிடையே பரவலான வழக்கமாகும். இவற்றின் நுண்செயலிகள் வலிமையானவை. ஆனால் விசிறி ஓசையும் சற்றுக் கூடுதல் மின்செலவும் உண்டு. பெரிய நிறுவனங்களின் தயாரிப்பு என்பதால் அடித்தள மென்பொருள் இற்றைப்படுத்தல்கள் முறையாக வெளியிடப்படுவது இவற்றின் நன்மை.

மென்பொருள் பொருத்தம்

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்பதை முதலில் முடிவுசெய்து, அதன்பின் வன்பொருளைத் தேர்வது நல்லது. பிஎஃப்சென்சும் ஓபிஎன்சென்சும் ஃபிரீபிஎஸ்டியைச் சார்ந்தவை. ஓப்பன்டபிள்யூஆர்டியும் ஐபிஃபயரும் லினக்சைச் சார்ந்தவை. பிஎஃப்சென்ஸ் 2017 இல் வெளியிட்ட 2.4 ஆம் பதிப்புடன் 32 பிட் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதே ஆண்டில், வருங்காலப் பதிப்புக்கு ஏஇஎஸ் கட்டளைகள் கட்டாயம் என அறிவித்துப் பின்னர் அதனைக் கைவிட்டது. விலை குறைவு என்பதற்காக மிகப் பழைய நுண்செயலியை வாங்கினால், மென்பொருள் ஆதரவு முதலில் அதற்கே நிற்கும்.

வேகமான இணைப்பிலும் அழைப்புகள் தடைபடுவதற்குப் பெரும்பாலும் இடையகப் பெருக்கமே காரணம். கருவிகளின் வரிசைகளில் பொதிகள் நெடுநேரம் காத்திருப்பதே இடையகப் பெருக்கம் ஆகும். 2018 சனவரியில் ஆர்எஃப்சி 8290 ஆக வெளியான எஃப்கியூ-கோடெல் முறையும், அதே ஆண்டு லினக்ஸ் 4.19 இல் இணைந்த கேக் முறையும் இதனைக் குறைக்கின்றன. இவை நுண்செயலியின் உழைப்பைக் கோருபவை. தனிக் கணினியால் ஒரு குடும்பம் நாள்தோறும் உணரக்கூடிய பயன் எது எனக் கேட்டால், உச்ச வேகத்தைவிட இதனையே குறிப்பிடலாம்.

பாதுகாப்பு

பெயரறியா உற்பத்தியாளர்களின் கணினிகளை வாங்கும்போது, அவற்றில் முன்னரே நிறுவப்பட்டுள்ள இயங்குதளத்தைப் பயன்படுத்தக் கூடாது. வட்டை முழுமையாக அழித்து, திட்டத்தின் முறையான தளத்திலிருந்து பதிவிறக்கிச் சரிபார்த்த மென்பொருளை நிறுவவேண்டும். நினைவகமும் வட்டும் இல்லாத வெற்றுக் கணினியை வாங்கி, அவற்றைத் தனியே சேர்ப்பது மேலும் நன்று. ஆனால் அடித்தள மென்பொருள் அக்கணினியிலேயே இருப்பதால், அதற்கு இற்றைப்படுத்தல் கிடைக்குமா என்ற கேள்வி எஞ்சும். கோர்பூட்டுடன் விற்கப்படும் கணினிகள் விலை கூடியவையாயினும் இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகின்றன.

நிறுவிய உடன் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். மேலாண்மைப் பக்கத்தை இணையப் பக்கத்திலிருந்து அணுக விடக்கூடாது. அமைப்புக் கோப்பின் படி ஒன்றை வேறிடத்தில் சேமித்துவைத்தால், கணினி பழுதானாலும் வேறொன்றில் விரைவாக மீட்டெடுக்கலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

- இணைப்பின் வேகம், எதிர்பார்க்கும் வளர்ச்சி, பிபிபிஓஈ பயன்படுகிறதா என்பது.
- நுண்செயலியில் ஏஇஎஸ் கட்டளைகளும் போதிய ஒரு-கரு வேகமும் உள்ளனவா என்பது.
- வலையமைப்புச் சில்லின் சரியான பெயரும் பதிப்பும், அதற்கு விரும்பும் மென்பொருளில் இயக்கி உள்ளதா என்பதும்.
- மின்தடைக்குப் பின் தானே மீண்டும் இயங்கும் வசதி அடித்தள மென்பொருளில் உள்ளதா என்பது.
- மின்வழங்கியின் தரம். 12 வோல்ட்டில் இயங்கும் கணினியாயின், அதே மின்னழுத்தம் தரும் சிறிய தடையிலா மின்வழங்கியை அதனுடன் இணைப்பது எளிது.
- திரை இல்லாமல் தொடங்கும் திறன், பழுதுபார்க்கத் தொடர் இணைப்புத் துறை ஆகியவை.

வரம்புகள்

சிறு கணினி எல்லாப் பணிக்கும் ஏற்றதன்று. அதில் உள்ள கம்பியில்லா அட்டையை வீடு முழுவதற்குமான வைஃபை நிலையமாகப் பயன்படுத்துவது நல்ல பயன் தராது. தனி அணுகுநிலையம் வேண்டும். சேவை நிறுவனத்தின் கருவியைப் பாலம் முறைக்கு மாற்றாவிட்டால் முகவரிப் பெயர்ப்பு இருமுறை நிகழும். தீச்சுவரால், பயனர் தாமாகவே திறக்கும் மோசடி மின்னஞ்சலையும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லையும் தடுக்க இயலாது.

நொடிக்கு 100 அல்லது 200 மெகாபிட் இணைப்பும் சில கருவிகளும் மட்டுமே உள்ள வீட்டுக்கு, இற்றைப்படுத்தல் தொடர்ந்து கிடைக்கும் நல்ல திசைவியே போதும். தனிக் கணினியை வாங்குவோர் அதனைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்கின்றனர். இற்றைப்படுத்தாமல் விடப்பட்ட வலிமையான தீச்சுவர், கவனிப்பாரற்று மூலையில் கிடக்கும் பழைய திசைவியைவிடப் பாதுகாப்பானது எனக் கூற இயலாது.